பினாங்கில் கட்டடக் கட்டுப்பாட்டுத் துறையைக் கண்காணிப்பது எப்படி? கவுன்சிலர்களுக்கும் குடியிருப்பாளர் சங்கங்களுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

குப்பை லாரி ஒரு நாள் வராவிட்டால் மறுநாள் காலையிலேயே தாமான் முழுவதும் வாட்ஸ்அப்பில் புகார் பறக்கும். பிளானில் இல்லாத ஒரு சுவர் மூன்றாவது மாடியில் எழும்பினால் யாருக்கும் தெரியாது. ஏதாவது நடந்த பிறகுதான் தெரியவரும். கட்டடக் கட்டுப்பாட்டுத் துறை நன்றாக வேலை செய்தாலும் சரி, செய்யாவிட்டாலும் சரி, வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். அதனால்தான் அதைக் கண்காணிப்பதற்கு ஒரு முறை தேவைப்படுகிறது.

2017 செப்டம்பர் 14 அதிகாலையில் கோலாலம்பூர் டத்தோ கிராமாட்டில் ஒரு சமயப் பள்ளி தீப்பிடித்து 23 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் சிறுவர்கள். மேல்மாடியிலிருந்து வெளியேற இரண்டு வழிகள் இருந்திருக்க வேண்டும். பிளானில் காட்டாத ஒரு தடுப்புச் சுவர் அவற்றில் ஒன்றை மறைத்துவிட்டது என்று தீயணைப்புத் துறை அப்போது சொன்னது.

பினாங்கு மாநகர் மன்றத்திலோ செபராங் பிறை மாநகர் மன்றத்திலோ புதிதாக நியமனம் பெற்ற கவுன்சிலர், குடியிருப்பாளர் சங்கத்தில் இருப்பவர், அடுக்குமாடி நிர்வாகக் குழுவில் இருப்பவர், துறைக்குள்ளேயே ஒரு பிரிவை நடத்தும் அதிகாரி, இவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை. கோப்பைப் பொறுமையாகப் படிக்கத் தெரிந்தால் போதும்.

முதலில் ஒரு சட்ட உண்மை

"மன்றம் ஒழுங்காகப் பார்க்கவில்லை என்றால் வழக்குப் போடலாமே" என்று பலர் நினைக்கிறார்கள். 1993 டிசம்பர் 11 அன்று உலு கிள்ளானில் ஹைலேண்ட் டவர்ஸ் கட்டடங்களில் ஒன்று சரிந்து 48 பேர் இறந்தார்கள். அந்த வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை போனது. 2006ல் வந்த தீர்ப்பு ஊராட்சி மன்றத்துக்குப் பொறுப்பில்லை என்றது. காரணம், 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தில், அதாவது சட்டம் 133ல், 95ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு. ஒரு கட்டடமோ பிளானோ ஊராட்சி மன்றத்தின் சோதனைக்கும் அனுமதிக்கும் உட்பட்டது என்பதற்காக மட்டும் மன்றத்தின் மீதோ அதிகாரி மீதோ வழக்குத் தொடர முடியாது என்பது அதன் சாரம்.

இதன் விளைவு என்ன என்று யோசித்துப் பாருங்கள். நீதிமன்றம் கேட்காத கேள்வியை வேறு யாராவது கேட்டாக வேண்டும். 1965ல் நிறுத்திவைக்கப்பட்ட ஊராட்சித் தேர்தல் இன்றுவரை திரும்பவில்லை. 1957ல் ஜார்ஜ் டவுன் நகரத் தகுதி பெற்றபோது அதன் முதல் மேயராக இருந்தவர் டி. எஸ். இராமநாதன். அவரை மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய காலம் அது. இன்று கவுன்சிலர்களை மாநில அரசு நியமிக்கிறது. வாக்காளருக்குப் பதில் சொல்லும் கட்டாயம் இல்லாத இடத்தில், கோப்பைத் திறந்து பார்க்கும் கவுன்சிலரும் விடாமல் எழுதிக் கேட்கும் சங்கமும்தான் மிச்சம்.

படி 1: துறை எதைச் செய்கிறது என்று பிரித்துக்கொள்ளுங்கள்

பாதிப் புகார்கள் தவறான மேசைக்குப் போய்த்தான் செத்துப்போகின்றன. மேல் வீட்டிலிருந்து கசிவு என்றால் அது அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின் கீழ் வரும். முதலில் நிர்வாகக் குழுவிடம் எழுத்தில் கொடுங்கள். புகார் கிடைத்த ஏழு நாளுக்குள் அவர்கள் வந்து பார்க்க வேண்டும். அவர்கள் அசையாவிட்டால் கட்டட ஆணையர், அதாவது எல்லாரும் சிஓபி என்று சொல்கிற அலுவலகம். அதுவும் மன்றத்திலேயே இருப்பதால் கட்டடக் கட்டுப்பாட்டுத் துறையும் அதுவும் ஒன்று என்று நினைத்துவிடுகிறோம். லிப்ட், வேலையிடப் பாதுகாப்பு என்றால் வேலையிடப் பாதுகாப்பு சுகாதாரத் துறை. தீயணைப்புச் சான்றிதழ் என்றால் பொம்பா, அதாவது தீயணைப்புத் துறை.

கட்டடக் கட்டுப்பாட்டுத் துறையிடம் இருப்பது பிளான் அனுமதி, கட்டும்போது சோதனை, அனுமதியில்லாத கட்டுமானத்துக்கு நோட்டீஸ், இடிப்பு, பழைய உயரமான கட்டடங்களின் ஆய்வு. இதில் 2007 ஏப்ரல் 12 முதல் பெரிய மாற்றம் வந்தது. அதற்கு முன் கட்டடத்தில் குடியேறும் தகுதிச் சான்றிதழை மன்றமே கொடுத்தது. அதற்குப் பதிலாக வந்த சிசிசியை, அதாவது நிறைவு இணக்கச் சான்றிதழை, பிளானைச் சமர்ப்பித்த கட்டடக் கலைஞரோ பொறியாளரோ பதிவு பெற்ற வரைவாளரோ கையெழுத்திட்டுக் கொடுக்கிறார். மண்வேலையிலிருந்து சாலை, வடிகால் வரை ஒவ்வொரு கட்டத்துக்கும் ஜி1 முதல் ஜி21 வரை படிவங்கள் இருக்கின்றன. வேலையைச் செய்த குத்தகையாளரும் மேற்பார்த்த நிபுணரும் அவற்றில் கையெழுத்துப் போடுகிறார்கள். பொய்யாகச் சிசிசி கொடுப்பவருக்கு 2,50,000 ரிங்கிட் வரை அபராதமோ 10 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ உண்டு.

இதைக் காட்டி "எல்லாம் இப்போது ஆர்க்கிடெக்ட் பொறுப்புதான்" என்று சொல்லும் அதிகாரி உங்களுக்குக் கிடைப்பார். அதை அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். எப்போது வேண்டுமானாலும் கட்டுமான இடத்துக்குப் போய்ப் பார்க்கும் அதிகாரமும், குறை இருந்தால் அது சரிசெய்யப்படும் வரை சிசிசியைக் கொடுக்காதே என்று எழுத்தில் தடுக்கும் அதிகாரமும் மன்றத்திடம் இன்னும் இருக்கின்றன. என் பார்வையில் துறையின் உண்மையான பலம் இந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது. அதை அவர்கள் பயன்படுத்துகிறார்களா என்பதே நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

படி 2: நான்கு பட்டியல்களைக் கேளுங்கள்

மாதாந்திர அறிக்கையில் "இந்த மாதம் இத்தனை இடங்களைப் பார்வையிட்டோம்" என்று ஒரு எண் இருக்கும். அதை வைத்து எதையும் சொல்ல முடியாது. ஒரே தாமானில் வரிசையாகப் பத்து வீட்டு வாசலில் நின்று வந்தாலும் பத்து வருகைதான். எண்ணைக் கூட்டச் சொன்னால் சுலபமான இடங்களுக்குத்தான் ஆட்கள் போவார்கள். கடினமான குன்றுச் சரிவும் சண்டைக்கார உரிமையாளரும் அப்படியே இருப்பார்கள். அதனால் கூட்டுத்தொகையை விட்டுவிட்டுப் பட்டியலைக் கேளுங்கள். பெயர்ப் பட்டியல் வந்தால்தான் பிடி கிடைக்கும்.

ஒன்று, இன்னும் முடியாத நோட்டீஸ்கள், ஒவ்வொன்றும் எத்தனை நாளாகக் கிடக்கிறது என்பதோடு. பழையது மேலே வருமாறு வரிசைப்படுத்திக் கேளுங்கள். அதிகாரிகள் புதியதை மேலே வைத்துத் தருவார்கள்.

இரண்டு, திரும்பப் பெறப்பட்ட அல்லது ரத்தான நோட்டீஸ்கள். யார் கையெழுத்தில், என்ன காரணத்துக்கு. நான்கில் மிக முக்கியமானது இதுதான், மிகத் தாமதமாக வருவதும் இதுதான்.

மூன்று, கடந்த ஆண்டில் சிசிசி வெளியான கட்டடங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, கட்டும் காலத்தில் துறையிலிருந்து யாராவது போனார்களா, எந்தத் தேதியில், எந்தக் கட்டத்தில் என்று. "போகவில்லை" என்ற பதில் நிறைய வந்தால் திடுக்கிட வேண்டாம். ஆட்கள் குறைவு என்பது உண்மை. ஆனால் போன இடங்களை எந்த அடிப்படையில் தேர்ந்தெடுத்தார்கள் என்பதற்கு எழுத்தில் ஒரு விதி இருக்க வேண்டும். உயரம், சரிவு, பள்ளிக்கூடம், மருத்துவமனை, முன்பு தவறு செய்த குத்தகையாளர் என்று ஆபத்தை அளந்து தேர்ந்தெடுக்க வேண்டும்.

நான்கு, ஐந்து மாடிக்கு மேற்பட்ட எல்லாக் கட்டடங்களும், அவற்றின் முதல் சான்றிதழ் தேதியோடு. இது எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

நான்கையும் வாய்வழியாகக் கேட்காதீர்கள். மன்றத்தின் குழுக் கூட்டத்தில் கேட்டு, கூட்டக் குறிப்பில் ஏற்றுங்கள். அடுத்த கூட்டத்தில் அது தானாகவே நிகழ்ச்சி நிரலில் வந்து நிற்கும்.

படி 3: கோப்பை நீங்களே திறந்து படியுங்கள்

பட்டியல் கைக்கு வந்ததும் அதிலிருந்து கோப்புகளை நீங்கள் தேர்ந்தெடுங்கள். துறை தேர்ந்தெடுத்துத் தருவதை வாங்காதீர்கள். மூடிய புகாரில் பத்து, மூன்று மாதம் தாண்டிய நோட்டீஸில் ஐந்து, ரத்தான நோட்டீஸில் ஐந்து என்று எடுத்தால் ஒரு நாள் வேலை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை இதைச் செய்தாலே துறை நடக்கும் விதம் மாறும். யாரோ படிக்கிறார்கள் என்று தெரிந்த கோப்பு வேறு மாதிரி எழுதப்படும்.

எப்படிப் படிப்பது என்பதற்கு ஒரு மாதிரி சொல்கிறேன். ஜெலுத்தோங்கில் ஒரு இரட்டை மாடி டெரஸ் வீடு என்று வையுங்கள். பின்பக்கம் சமையலறையைச் சந்து வரை நீட்டி, அதன் மேல் ஓர் அறையும் எழுப்பியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுச் சுவரில் விரிசல். அவர் புகார் கொடுத்திருக்கிறார்.

முதலில் புகார்த் தேதியையும் முதல் வருகைத் தேதியையும் பாருங்கள். நடுவில் எத்தனை நாள்? கட்டிக்கொண்டிருக்கும்போது வந்த புகாருக்குக் கட்டி முடித்த பிறகு போனால், நிறுத்தக்கூடிய வேலை இடிக்க வேண்டிய வேலையாக மாறிவிடுகிறது. அப்புறம் படங்கள். தேதி தெரிகிறதா? அளவு நாடா வைத்து எடுத்த படம் ஒன்றாவது இருக்கிறதா? தெருவிலிருந்து எடுத்த வாசல் படம் மட்டும் இருந்தால், போனவர் பின்பக்கம் போகவே இல்லை என்று அர்த்தம்.

அடுத்து நோட்டீஸ். யார் பெயருக்குப் போயிருக்கிறது? வாடகைக்கு இருப்பவர் பெயரில் போயிருந்தால் நீதிமன்றத்தில் அது நிற்காமல் போகலாம். உரிமையாளர் பெயரை மதிப்பீட்டு வரிப் பதிவிலிருந்தும் நில அலுவலகத்திலிருந்தும் எடுத்திருக்க வேண்டும். எந்தப் பிரிவின் கீழ் கொடுத்தார்கள்? மன்றத்தின் எழுத்து அனுமதியில்லாமல் கட்டுவது சட்டம் 133ன் 70ஆம் பிரிவில் வருகிறது. தண்டனை 50,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது 3 ஆண்டு வரை சிறை அல்லது இரண்டும். தொடர்ந்து நீடித்தால் நாள் ஒன்றுக்கு 1,000 ரிங்கிட். நோட்டீஸ் போய்ச் சேர்ந்ததற்கு அஞ்சல் ரசீது அல்லது வாசலில் ஒட்டிய படம் இருக்க வேண்டும்.

இதற்குப் பிறகு வருவதுதான் கோப்பின் உயிர்: மினிட் தாள். ஒரு அதிகாரி எழுதியதை அடுத்தவர் படித்துத் தன் குறிப்பை எழுதி, அடுத்த மேசைக்கு அனுப்பும் தாள். இங்கே "கே.ஐ.வி." என்று, அதாவது "கவனத்தில் வை" என்பதற்கான ஆங்கில மூன்றெழுத்து, கண்ணில் பட்டால் நின்றுவிடுங்கள். எதுவரை கே.ஐ.வி.? யார் சொல்லி? அடுத்த தேதி போடாத கே.ஐ.வி. கிடப்பில் போடுவதற்கு மரியாதையான பெயர். கே.ஐ.வி. எழுதினால் பக்கத்திலேயே திரும்ப எடுக்கும் தேதியை எழுதியாக வேண்டும் என்று குழுவில் ஒரு விதி கொண்டுவாருங்கள். செலவில்லாத விதி, பலன் பெரியது.

பெரும்பாலும் அதற்கு அடுத்த பக்கத்தில் ஒரு பிளான் விண்ணப்பம் இருக்கும். நோட்டீஸ் வந்த பிறகு உரிமையாளர் ஒரு வரைவாளரைப் பிடித்து, கட்டியதை அப்படியே வரைந்து சமர்ப்பித்திருப்பார். "பிளான் போட்டிருக்கிறார், முடிவு வரட்டும்" என்று கோப்பு உறங்கிவிடும். விண்ணப்பம் தள்ளுபடியானது என்றால் அந்தச் செய்தி அமலாக்கப் பிரிவுக்குத் திரும்பி வந்ததா என்று பாருங்கள். பிளான் பிரிவும் அமலாக்கப் பிரிவும் ஒரே மாடியில் உட்கார்ந்திருந்தாலும் கோப்புகள் பேசிக்கொள்வதில்லை.

கடைசியாக, கம்பவுண்ட் ரசீது, அதாவது வழக்குக்குப் போகாமல் கட்டி முடிக்கும் அபராதத்தின் ரசீது. கம்பவுண்ட் கட்டினால் குற்றத்துக்கான விலை முடிகிறது, அவ்வளவுதான். அந்த அறை சட்டபூர்வமாகிவிடுவதில்லை, பக்கத்துச் சுவரின் விரிசலும் அடைபடுவதில்லை. ரசீதை மட்டும் வைத்துக் "கோப்பு மூடப்பட்டது" என்று எழுதியிருந்தால் அதைத் திறக்கச் சொல்லுங்கள். முதல் படம் எடுத்த அதே இடத்தில் நின்று எடுத்த இரண்டாவது படமும், முதல் முறை போகாத ஒருவரின் கையெழுத்தும் இல்லாமல் எந்தக் கோப்பும் மூடப்படக் கூடாது.

படி 4: வருடத்துக்குச் சில முறையாவது இடத்துக்குப் போங்கள்

வேலை தொடங்கும் முன் மன்றத்துக்குப் பி படிவம் வரும். துறைக்கு ஒரு கட்டுமானம் ஆரம்பிக்கிறது என்று தெரியவருவது அப்போதுதான். சோதனைக்குச் சரியான நேரம் கான்கிரீட் ஊற்றுவதற்கு முன். கம்பி கண்ணுக்குத் தெரிகிற நேரம். ஊற்றிய பிறகு போனால் பார்ப்பதற்கு வண்ணப்பூச்சுதான் இருக்கும்.

இன்ஸ்பெக்டரோடு போகும்போது அவர் வேலையில் குறுக்கிடாதீர்கள். அவர் கையில் அனுமதி பெற்ற பிளான் இருக்கிறதா என்பதை மட்டும் கவனியுங்கள். பிளான் இல்லாத சோதனை வெறும் நடைப்பயிற்சி.

பழைய கடைவீடுகளை இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும். லிட்டில் இந்தியாவைச் சுற்றியுள்ள தெருக்களில் கீழே மளிகைக் கடை, மேலே தொழிலாளர் தங்குமிடம் அல்லது மலிவு ஹோட்டல் என்று மாறிய கட்டடங்களை எல்லாருக்கும் தெரியும். மேலே ஏறுங்கள். படியின் உயரம் 180 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, கால் வைக்கும் அகலம் 255க்குக் குறையக் கூடாது. நாடாவை எடுத்து அளந்தால் அரை நிமிடம். நீள அறையைப் பிளைவுட் பலகையால் ஆறேழு சின்ன அறைகளாகத் தடுத்திருப்பார்கள். நடு அறைகளுக்கு ஜன்னல் இருக்காது. அறைத் தளத்தின் பரப்பில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு ஜன்னலாக இருக்க வேண்டும் என்பது கட்டட விதி. கடைசியாகப் பின்சந்துக் கதவுக்குப் போங்கள். சங்கிலி போட்டுப் பூட்டு தொங்கினால், சாவி யாரிடம் என்று அங்கே தூங்குபவர்களையே கேளுங்கள், கடைக்காரரிடம் கேட்காதீர்கள். கிரில் போட்ட முன்ஜன்னல், பூட்டிய பின்கதவு, நடுவில் ஒரே ஒரு மரப்படி. இரவில் தீ வந்தால் என்ன ஆகும் என்று அங்கே நின்று பார்க்கும்போதுதான் புரியும்.

ஜார்ஜ் டவுன் பாரம்பரிய வட்டாரம் 2008ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. மையப் பகுதியும் அதைச் சூழ்ந்த காப்புப் பகுதியும் சேர்ந்து ஏறக்குறைய 259 ஹெக்டேர். அங்கே பாரம்பரிய விதிகளும் கூடுதலாக வருகின்றன. ஒரு எச்சரிக்கை மட்டும்: முகப்பைக் காப்பாற்றுவதிலேயே கவனம் போய், உள்ளே தூங்குபவர்களின் பாதுகாப்பு இரண்டாம் பட்சமாகிவிடக் கூடாது.

படி 5: ஆட்களும் தொலைபேசி அழைப்புகளும்

லஞ்சம் பற்றிப் பேசும்போது எல்லாரும் உறையை நினைக்கிறார்கள். கண்காணிப்பைக் கெடுப்பது அதற்கு முன்பே நடக்கும் சின்னச் சின்ன பழக்கங்கள். ஒரே இன்ஸ்பெக்டர் ஒரே வட்டாரத்தில் வருடக்கணக்கில் இருப்பது, தீபாவளிக்கும் சீனப் புத்தாண்டுக்கும் குத்தகையாளர் அனுப்பும் ஹம்பர், அப்புறம் நாம் செய்யும் சிபாரிசு.

வட்டாரத்தை மூன்று ஆண்டுக்குள் மாற்றச் சொல்லுங்கள். இன்ன இன்ஸ்பெக்டர் இன்ன இடத்துக்கு என்பதை அவர்களே தீர்மானிக்காமல் மேலதிகாரி அன்று காலையில் ஒதுக்கட்டும். பெரிய இடங்களுக்கு இருவராகப் போகட்டும். ஒரே கட்டடக் கலைஞரின் கோப்புகள் எப்போதும் ஒரே அதிகாரியின் மேசைக்குப் போகின்றனவா என்று ஆண்டுக்கொரு முறை பார்க்கட்டும். குறைகள் திரும்பத் திரும்ப ஒருவர் பெயரிலேயே வந்தால் அவரைப் பதிவு செய்த வாரியத்துக்குத் துறை எழுத வேண்டும். கட்டடக் கலைஞர் வாரியமும் பொறியாளர் வாரியமும் அதற்குத்தான் இருக்கின்றன.

சிபாரிசு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது நம் வீட்டு விஷயம். தமிழ்க் கவுன்சிலருக்கு வரும் அழைப்பு எப்படி இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும்: "அண்ணே, நம்ம கோவில் மண்டபத்துக்கு நோட்டீஸ் ஒட்டிட்டாங்க. இன்ஸ்பெக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க." கோவில் என்றதும் மனம் இளகும். திருவிழா பக்கத்தில் இருக்கும். ஆனால் தைப்பூசத்தன்று அந்தக் கூரைக்குக் கீழே நிற்கப் போவதும் நம் குழந்தைகள்தான். "தம்பி, கோப்பு எண்ணைக் கொடுங்க. என்ன குறைன்னு எழுத்துல கேட்டு வாங்கித் தர்றேன். ஒரு இன்ஜினியரைக் கூட்டிட்டு வந்து பிளான் போடுவோம்" என்று சொல்லுங்கள். பிளான் போட உதவுவது மக்கள் சேவை. நோட்டீஸைத் தூக்கச் சொல்வது அந்த இன்ஸ்பெக்டருக்கு நாம் கற்றுக்கொடுக்கும் தவறு. நாளைக்கு ஒரு மேம்பாட்டாளருக்காக வேறொருவர் கூப்பிடும்போது "அன்றைக்கு அவருக்குச் செய்தீர்களே" என்ற பதில் தயாராக இருக்கும்.

துறைக்கு வரும் ஒவ்வொரு அழைப்பையும், கவுன்சிலராக இருந்தாலும் சட்டமன்ற உறுப்பினர் அலுவலகமாக இருந்தாலும், தேதி, பெயர், சொன்ன விஷயத்தோடு மினிட் தாளில் எழுத வேண்டும் என்று விதி கொண்டுவாருங்கள். முதல் அழைப்பாக உங்கள் அழைப்பையே எழுதச் சொல்லுங்கள். நேர்மையான இன்ஸ்பெக்டர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். இந்த ஒரு விதி அவர்களுக்குக் கிடைக்கும் கேடயம்.

படி 6: பத்தாண்டு ஆய்வு

ஹைலேண்ட் டவர்ஸ் சம்பவத்துக்குப் பிறகு, 1994ல் சட்டம் 133ல் 85ஏ பிரிவைச் சேர்த்தார்கள். ஐந்து மாடிக்கு மேற்பட்ட கட்டடம் முதல் சான்றிதழ் பெற்றுப் பத்து ஆண்டு கடந்ததும், உரிமையாளரே பொறியாளரை வைத்து ஆய்வு செய்ய வேண்டும் என்று மன்றம் நோட்டீஸ் கொடுக்கலாம். பிறகு பத்தாண்டு இடைவெளியில் மறுபடியும். முதலில் கண்ணால் பார்க்கும் ஆய்வு, அதில் சந்தேகம் வந்தால் முழு அமைப்பு ஆய்வு.

இங்கே கவனிக்க வேண்டியது: நோட்டீஸ் போகாவிட்டால் இந்தப் பிரிவு தானாக வேலை செய்யாது. மன்றம் முதலில் அசைய வேண்டும். பினாங்குத் தீவில் 1980களிலும் 1990களிலும் எழுந்த அடுக்குமாடிகள் எத்தனை என்று ஆயர் ஈத்தாமிலும் பாயா தெருபோங்கிலும் நிமிர்ந்து பார்த்தாலே தெரியும். நான்காவது பட்டியலைக் கேட்கச் சொன்னது இதற்காகத்தான். அந்தப் பட்டியலில் ஒவ்வொரு கட்டடத்துக்கும் எதிரே மூன்று கட்டங்கள் போடுங்கள்: நோட்டீஸ் போன தேதி, அறிக்கை வந்த தேதி, அறிக்கையில் சொன்ன வேலை முடிந்த தேதி. மூன்றாவது கட்டம் காலியாக இருப்பது முதல் கட்டம் காலியாக இருப்பதைவிட மோசம். ஆபத்து என்று தெரிந்தும் யாரும் கை வைக்கவில்லை என்று அதற்குப் பொருள்.

மலிவு அடுக்குமாடிகளில் பணப் பிரச்சினை உண்மையானது. பராமரிப்புக் கட்டணமே பாதிப் பேர் கட்டாத இடத்தில் பொறியாளருக்கு யார் கொடுப்பது? இதை மறைக்க வேண்டாம். அந்த இடங்களைத் தனிப் பட்டியலாக எடுத்து, ஆய்வுச் செலவுக்கு நிதி ஒதுக்கச் சொல்லி மாநில அரசுக்கு அனுப்புங்கள். பணமில்லை என்பதற்காக நோட்டீஸ் அனுப்பாமல் இருப்பதை மட்டும் ஏற்காதீர்கள்.

படி 7: குன்றுகள், மன்றமே கட்டும்போது

பினாங்கில் 76 மீட்டருக்கு மேலுள்ள நிலமும் 25 டிகிரிக்கு மேல் சரிந்த நிலமும் தனிக் கவனம் பெறுகின்றன. 2017 அக்டோபர் 21 அன்று தஞ்சோங் பூங்காவில் ஒரு கட்டுமான இடத்தில் மண் சரிந்து 11 தொழிலாளர்கள் இறந்தார்கள். மாநில அரசு விசாரணை ஆணையம் அமைத்தது. ஏறக்குறைய ஓர் ஆண்டு கழித்து, 2018 அக்டோபர் 19 அன்று, புக்கிட் குக்குஸ் சாலைத் திட்டத்தில் மண் சரிந்து 9 பேர். இரண்டும் அக்டோபரில், மழைக் காலத்தில். அதனால் ஒவ்வொரு ஆகஸ்ட் மாதமும் சரிவில் நடந்துகொண்டிருக்கும் வேலைகளின் பட்டியலை எடுத்து, வடிகாலும் மண்ணை மூடிய தார்ப்பாயும் தற்காலிகத் தடுப்பும் இருக்கின்றனவா என்று நேரில் பார்த்த அறிக்கையைக் கேளுங்கள். அக்டோபரில் கேட்டால் தாமதம்.

புக்கிட் குக்குஸ் திட்டம் மாநகர் மன்றத்தின் சொந்தத் திட்டம். தன் வேலையைத் தானே சோதிக்கும்போது எந்த அமைப்பின் கையும் தயங்கும். இதில் தனிப்பட்ட அதிகாரியைக் குறை சொல்லிப் பயனில்லை, ஏற்பாட்டை மாற்ற வேண்டும். மன்றம் உரிமையாளராக இருக்கும் ஒவ்வொரு திட்டத்துக்கும் வெளியிலிருந்து ஒரு சுதந்திரமான பொறியாளர் சோதிக்கட்டும். அவருடைய அறிக்கை திட்டத் துறையைத் தாண்டி நேராகக் கவுன்சிலர்களுக்கு வரட்டும். வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் அவருக்கு ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்கட்டும்.

குடியிருப்பாளர் சங்கத்துக்கு

புகாரில் கோபம் வேண்டாம், விவரம் வேண்டும். முகவரி, எந்த மாடி, எந்தப் பக்கம், வேலை நடக்கும் நேரம், தேதியோடு இரண்டு படம். புகார் எண் வாங்குங்கள். இரண்டு வாரம் கழித்து அந்த எண்ணைப் போட்டு மூன்றே கேள்வி எழுதுங்கள்: யார் போனார்கள், என்றைக்கு, என்ன கண்டார்கள்? பதில் வராவிட்டால் உங்கள் வட்டாரக் கவுன்சிலருக்கு அதே கடிதத்தின் நகல். மன்றத்தின் முழுக் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்தது, போய் உட்காருங்கள். நாலு பேர் பின்வரிசையில் இருந்தாலே கேள்விகள் வேறு மாதிரி வரும்.

பினாங்கில் தகவல் சுதந்திரச் சட்டம் 2015 முதல் நடப்பில் இருக்கிறது. கோப்பில் உள்ள தகவலை அதன் கீழ் எழுதிக் கேட்கலாம். கட்டணம் உண்டு, காத்திருக்கவும் வேண்டும், இருந்தாலும் கேளுங்கள். கோலாலம்பூரில் இருப்பவர்களுக்கு இந்த வசதி இல்லை. அங்கே கவுன்சிலர்களும் இல்லை. டத்தோ பண்டார் என்ற மேயரும் ஆலோசனை வாரியமும்தான். அதனால் பிரிக்பீல்ட்ஸிலோ செந்தூலிலோ இருக்கும் சங்கம் நாடாளுமன்ற உறுப்பினர் வழியாகவும் பொதுப் புகார் பிரிவு வழியாகவும்தான் அழுத்தம் கொடுக்க முடியும். நான்கு பட்டியல்களும் கோப்பு படிக்கும் முறையும் அங்கேயும் பொருந்தும்.

லஞ்சம் கேட்டார்கள் என்றால் பேஸ்புக்கில் எழுதாதீர்கள். தகவல் கொடுப்போர் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பு, ஊழல் தடுப்பு ஆணையம் போன்ற அமலாக்க நிறுவனத்திடம் கொடுக்கும் தகவலுக்குத்தான் கிடைக்கும். முதலில் அங்கே போங்கள்.

பதவி முடியும்போது

கவுன்சிலர் நியமனம் சட்டப்படி மூன்று ஆண்டுக்கு மேல் போகாது, பெரும்பாலும் அதற்கு முன்பே மாறும். நீங்கள் தொடங்கியது உங்களோடு நின்றுவிடாமல் இருக்க, வந்த முதல் மாதத்திலேயே ஒரு ஒப்படைப்புக் குறிப்பைத் திறந்துவையுங்கள். நீங்கள் படித்த ஒவ்வொரு கோப்பின் எண், என்ன கேட்டீர்கள், என்ன பதில் வந்தது, எது இன்னும் பாக்கி. 85ஏ பட்டியலில் காலியாக இருக்கும் கட்டங்களை முதல் பக்கத்தில் வையுங்கள். ஒரு நகலைக் குழுச் செயலாளரிடம் கொடுத்துக் கூட்டக் குறிப்போடு இணைக்கச் சொல்லுங்கள், இன்னொன்றை உங்களுக்குப் பின் வருபவர் கையிலேயே கொடுங்கள். அவர் வேறு கட்சியாக இருந்தாலும் கொடுங்கள். முடிந்தால் பாதியில் நிற்கும் மோசமான இரண்டு மூன்று இடங்களுக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட்டு வாருங்கள்.